முப்பத்தைந்துக்குக் குறையாமல்

எங்கள் ஊரில் அறுபது என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஐயா. திண்டிவனத்தில் பதினாறு வருடமாக எக்கோ எடுக்கிறேன். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தனக்குள் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதைத் திரையில் அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஐம்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள் இருந்தால் அது நல்ல இதயம். உலகத்தில் எந்த இதயமும் நூறு தள்ளாது. இதை எத்தனை முறை சொன்னாலும், தாளில் அறுபதைப் பார்த்ததும் ஜனங்களின் முகம் தொங்கிவிடும். கண்டமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "எம் புள்ள தாசில்தாரா இருக்கான், எனக்குப் போயி அறுவதா? ஒரு எழுவத்தஞ்சாவது போடக்கூடாதா மேடம்?" என்று கேட்டார். இன்னொருவர் மறுமதிப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று நிஜமாகவே விசாரித்தார்.

முப்பத்தைந்து வந்தவர்கள்தான் சிரித்த முகமாகப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் அல்லவா? அது ஏறக்குறைய பாதி இதயம்தான் என்று அவர்களுக்குப் புரிய வைக்க எங்கள் டாக்டர் சீனுவாசனுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் வெளியே உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் வீட்டுக்கு போன் போட்டு, பாஸ் ஆகிவிட்டார் என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் தாள் கேட்டேன். காரணம் வேறொன்றுமில்லை. உங்கள் ரைட்டர் எழுதினால் என் வீட்டுக்காரர் 'மேற்படி நபர்' ஆகிவிடுவார். அவர் பெயர் தென்னரசு. நல்ல பெயர், அப்படியே இருக்கட்டும். இங்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது, மாஜிஸ்ட்ரேட் முன்னால் மறுபடி சொல்ல வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன். எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே எண் வந்தால்தான் அது சரியான அளவு என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் திண்டிவனம்–விழுப்புரம் தனியார் பேருந்தில் கண்டக்டர். ஒரு நாளைக்கு ஆறு நடை. இன்ஸ்பெக்டர் ராஜாமணி என்று உங்களை ஊருக்குத் தெரியுமோ தெரியாதோ, கண்டக்டர் தென்னரசு என்றால் தெரியும். கூட்டேரிப்பட்டில் கூடையோடு ஏறும் பூக்காரம்மாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவர்தான். விக்கிரவாண்டியில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே இருந்த வரப்புச் சண்டையை, ஒருவரை முன் சீட்டிலும் ஒருவரைப் பின் சீட்டிலும் உட்கார வைத்து, நடுவில் நடந்து நடந்தே தீர்த்தவர். கடைசி நடை முடிந்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். யார் வீட்டிலாவது சாவு இருக்கும், இல்லையென்றால் சீமந்தம் இருக்கும். குடி கிடையாது. வேறு பெண் கிடையாது. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத மனிதரோடு பதினேழு வருடம் குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அழத்தான் வரும்.

ஒரு வார விடுமுறையில், அவரோடு கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று நான் அவர் பேருந்திலேயே ஏறி உட்கார்ந்தேன். நல்ல புடவை கட்டியிருந்தேன். கூட்டத்தில் நீந்திக்கொண்டு வந்தவர், கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பார்த்தபடியே, "எங்கமா எறங்கணும்?" என்று கேட்டார். "விழுப்புரம்" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விக்கிரவாண்டி தாண்டி, படியில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. "வாணி, நீயா? இன்னா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்தான் நான் அவர் வண்டியில் இருப்பேன் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த டிக்கெட் இன்னும் என் பையில் இருக்கிறது. என்னிடமிருந்து நீங்கள் எடுத்துவைத்த பொருட்களில் பாருங்கள்.

மூன்றரை வருடத்துக்கு முன் ஐப்பசியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வைரஸ் காய்ச்சல். ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது இதயத் தசையைத் தளர்த்திவிட்டுப் போனது. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. எங்கள் கிளினிக்கில் நான்தான் எக்கோ எடுத்தேன். இருபத்து நான்கு என்று எழுதிவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எத்தன மார்க்கு?"

"இருவத்து நாலு."

"ஃபெயிலா?"

"ஃபெயிலுதாங்க."

"சரி வுடு. மறுபடி எழுதிக்கலாம்."

அவருக்குப் புரிய வேண்டுமென்று இதயத்தைப் படம் போட்டு விளக்கினேன். அவர் அதை அப்படியே தன் பேருந்தாக மாற்றிக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். "நூறு பேரு வண்டியில வர்றான்னு வெச்சிக்க. ஸ்டாண்டுல நிக்குது. நல்ல ஹார்ட்டுனா அறுவது பேரு எறங்குவான், மீதி நாப்பது பேரு உள்ளயே குந்திக்கினு இருப்பான். எனக்கு இருவத்து நாலு பேருதான் எறங்குறான். அதுக்குள்ள அடுத்த கூட்டம் ஏறுது. மூச்சு வாங்காம இன்னா பண்ணும்?" டாக்டர் சீனுவாசனுக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போய், மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்ல ஆரம்பித்தார்.

இதயம் எவ்வளவு தள்ளும் என்பது அதன் பலத்தில் மட்டும் இல்லை, ஐயா. உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்பது ஒன்று. அது உப்பிலும் தண்ணீரிலும் இருக்கிறது. வெளியே போகும் வழி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது இன்னொன்று. எத்தனை வேகமாகத் துடிக்கிறது என்பதும் இருக்கிறது. மெதுவாகத் துடித்தால்தான் நிரம்ப நேரம் கிடைக்கும். ஆளேறினால் டிரைவரும் கொஞ்சம் அழுத்தி ஓட்டுவார் என்பதுபோல, கொஞ்சம் அதிகம் நிரம்பினால் இதயமும் அதிகம் தள்ளும். அளவுக்கு மேல் நிரம்பினால் துவண்டுவிடும். இவை எல்லாவற்றையும் மாத்திரையாலும் சமையலாலும் பிடித்து நிறுத்த முடியும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஒன்பது மாதம் நான் அவரைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா வாங்கினேன். உப்பில்லாத கேப்பைக் கூழ், அளந்த தண்ணீர், காலையில் எடை. அவர் வீட்டில் இருந்தார். பதினேழு வருடத்தில் முதல் முறையாக, நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். "இன்னிக்கி எத்தன பேரு ஹார்ட்ட பாத்த?" என்று கேட்பார். அதுவரை அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்பார், நடுவில் ஒரு கேலி சொல்வார். நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஆடி மாதம் எடுத்தபோது நாற்பத்தெட்டு வந்தது. டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வேலைக்குப் போகலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் காக்கிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அயர்ன் செய்தார். முதலாளிக்குப் போன் போட்டார். ஆணியில் மாட்டியிருந்த விசிலை எடுத்து, துடைத்து, ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். அவர் இரண்டு ஊதினார். நான் அடுப்படியில் இருந்தேன். தெருவே கேட்கிற மாதிரி, மூச்சு உடையாமல் ஊதினார்.

மறுநாள் காலையில் டப்பாவை நிரப்பும்போது ஒரு மாத்திரையை மட்டும் போடவில்லை. பெரிதாக யோசித்து எதையும் செய்யவில்லை. அறை காலியாகத் தெரிந்தால் கேட்பாரே என்று, அதே அளவில் வெள்ளையாக இருந்த கால்சியம் மாத்திரையைப் போட்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டேன். அட்டையிலிருந்து மாத்திரைகளை உருவி டப்பாவில் போடுவது எப்போதும் நான்தான் என்பதால், அவருக்கு டப்பாதான் தெரியும். மரக்காணத்திலிருந்து வரும் கருவாட்டுக்காரியிடம் வஞ்சிரம் வாங்கினேன். "டாக்டரு உப்பே கூடாதுன்னாரே?" என்று கேட்டார். "வாரத்துல ரெண்டு நாளு ஒண்ணும் ஆவாது, நான் கேட்டுட்டேன்" என்றேன். அப்பளம், மாங்காய் ஊறுகாய் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு சவுரியம்மாளிடம், "மத்த பொண்டாட்டிங்கள்லாம் நோயாளிக்கு உப்ப ஒளிச்சி வெப்பாளுங்க. எங்க வாணி கருவாடு சுட்டுக் குடுக்குறா" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏன் முப்பத்தைந்து என்று கேட்டீர்கள். நாற்பத்தைந்தைத் தாண்டினால் வண்டிக்குப் போய்விடுவார். முப்பதுக்குக் கீழே இறங்கினால் படுக்க முடியாது, இருமல் வரும், கால் வீங்கும், பாவம். அவர் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது. முப்பத்தைந்தில் தானே குளிப்பார், தெருமுனை டீக்கடை வரை நடப்பார், சிரிப்பார், காய் நறுக்குவார். ஆறு நடை நின்றுகொண்டு போக மட்டும் முடியாது. விசிலை ஊதினால் பாதியில் அறுந்துவிடும். அவரும் மனம் விட்டுவிடவில்லை. "இன்னா, இந்த மாசமும் பாஸ்தானே?" என்பார். "ஜஸ்ட் பாஸ்" என்பேன். முப்பத்தைந்துக்குக் குறையாமல் வைத்திருந்தேன், இரண்டே கால் வருடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக் மூடியிருக்கும், மாதத்துக்கு ஒரு ஞாயிறு போவோம். சாவி என்னிடம் இருந்தது. அவரை இடது பக்கமாகப் படுக்க வைத்து, மார்பில் ஜெல் தடவி, மூச்சைப் பிடியுங்கள் என்பேன். பிடிப்பார். இதயம் நிரம்பி விரிந்த படத்தில் உட்சுவரை ஒரு தடவை வரைவேன், சுருங்கிய படத்தில் ஒரு தடவை வரைவேன், மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லும். முப்பத்தெட்டு வந்தால் அந்த மாதம் கருவாடு ஒரு நாள் கூடும். முப்பத்திரண்டு வந்தால் நிஜ மாத்திரை நான்கு நாள், கூடவே நீர் பிரியும் மாத்திரை. அந்த மாதிரி நாட்களில் பயந்துபோய் மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொள்வேன். இரண்டு தடவை வேண்டி, இரண்டு தடவையும் பலித்தது.

டாக்டர் சீனுவாசனுக்குத்தான் புரியவில்லை. ஏறிய இதயம் ஏன் இறங்கி நின்றுவிட்டது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு, மாத்திரையின் அளவைக் கூட்டினார். நான் கால்சியத்தைக் கூட்டினேன். எலும்பு மட்டும் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். அறிக்கையில் நான் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. நாற்பத்தெட்டை முப்பத்தைந்து என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும், என்னைப் போல எத்தனையோ பேர் கண்ணால் பார்த்தே ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. இதயத்தை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன், பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

அவருடைய நிஜ மாத்திரைகளைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு மாத்திரையை வீணாக்குவது பெரிய பாவம். அப்போது எங்களிடம் விருத்தாசலம் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். மயிலம் பக்கத்தில் கூலி வேலை செய்கிறவர், இதயம் முப்பது. எழுதிக்கொடுத்ததில் பாதியைத்தான் வாங்குவார். அவர் மனைவி பூமாலையைக் கூப்பிட்டு, இது கம்பெனி சாம்பிள் என்று சொல்லி, மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து மாதாமாதம் கொடுத்தேன். எப்போது எதைப் போட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். ஒரு வருடத்தில் விருத்தாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வந்தது. நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறார், மூட்டை தூக்குகிறார். அந்தத் தாளை எழுதியபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், ஐயா. அதையும் சேர்த்துத்தான் நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன கார்த்திகை மழையில் ஸ்கூட்டர் சறுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு. எலும்பு கூடவில்லை என்று பிரித்து மறுபடியும் கட்டுப் போட்டார்கள். எக்கோ எடுக்கவும் முடியாது, அட்டையிலிருந்து மாத்திரை உருவவும் முடியாது. கோலியனூரிலிருந்து என் நாத்தனார் அஞ்சம்மாள் வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அஞ்சம்மாள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் டாக்டர் சீட்டில் இருப்பதை ஒன்றுவிடாமல் செய்வாள். கருவாட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "அண்ணி, நீங்க பாசத்துல கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று என்னைச் செல்லமாகக் கண்டித்தாள். நான் கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தன் அண்ணனைக் குணப்படுத்துவதை மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் விழுப்புரத்தில் வேறொருவர் எக்கோ எடுத்தார். நாற்பத்தேழு. தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர்.

"பாத்தியா வாணி? நாப்பத்தேழு. நீ எனக்கு எப்பவும் ஜஸ்ட் பாஸ்தான் போடுவ. வெளியூரு வாத்தியாருதான் கரெக்டா திருத்துறாரு."

"எடுக்குறவங்களப் பொறுத்து அஞ்சு முன்ன பின்ன இருக்கும்" என்றேன். அது உண்மைதான்.

"சித்திர ஒண்ணாந் தேதி வண்டியில ஏறுறேன். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு மயிலத்துல படியேறுறதா வேண்டுதல்."

அஞ்சம்மாள் ஊருக்குப் போனாள். என் கட்டைப் பிரித்தார்கள். சித்திரைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நான் எப்போதும் நிதானமாகச் செய்கிறவள், இந்த முறை நேரம் இல்லை. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று எனக்கே தெரியும், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நிறுத்தினேன். நீர் மாத்திரையையும் நிறுத்தினேன். கருவாட்டுக்காரி மறுபடி வந்தாள்.

உத்திரத்துக்கு முந்தின ஞாயிறு அவரை கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். கட்டுப் பிரித்த கை வலித்தது, மார்பில் வைக்கும் ப்ரோபை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. முதலில் இருபத்தொன்பது வந்தது. அது சரியான படமில்லை. மறுபடி எடுத்தேன், இருபத்தேழு. அவர் மூச்சை ஒழுங்காகப் பிடிக்கவில்லை, பிடிக்க முடியவில்லை என்றார். எட்டாவது தடவை முப்பத்தாறு வந்தது. அதைத்தான் எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. திருவிழா முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லி, வண்டிக்குப் போக வேண்டாம் என்று அழுதால் கேட்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அந்த நாற்பத்தேழு இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

மயிலத்தில் நல்ல கூட்டம். காவடிகள் போய்க்கொண்டிருந்தன. மேலே வண்டி போகும் பாதை இருக்கிறதே என்றேன்.

"படியேறுறேன்னு வேண்டிக்கினு வண்டியில போனா முருகன் என்னைய டிக்கெட் இல்லாத ஆளுன்னு எறக்கி வுட்டுடுவான்" என்றார்.

அவர் பையில் விசில் இருந்தது. சாமி காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு, அதோடு வண்டியில் ஏற வேண்டுமாம். வழியெல்லாம் தெரிந்தவர்கள். பூக்காரம்மா கும்பிட்டாள், பங்காளிகளில் ஒருவர் மோர் கொடுத்தார். நின்று நின்று எல்லோரிடமும் பேசினார். மூச்சு வாங்குவதை அப்படி மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. உதடு நீலமாகியிருந்ததும் தெரிந்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு விரலைக் காட்டினார்.

"வாணி... ஒத்த விசிலு."

என்னை அடையாளம் தெரியாமல் இல்லை, ஐயா. சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் என்னைத்தான் பார்த்தார்.

ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். மூன்று மணிக்கு இறந்துவிட்டார் என்றார்கள். சாவுக்கு வந்த கூட்டம் தெருவில் நிற்க முடியாமல் பேருந்து நிலையம் வரை நின்றது. அவருடைய வண்டி அன்று ஓடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு விருத்தாசலம் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்தார். தலைச்சுமையாகவே தூக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவு பலம். வாசலில் அஞ்சம்மாளிடம் நின்றபடியே அழுதார். "எம் மாதிரி ஏழைக்கெல்லாம் உசுரு குடுத்த மகராசிம்மா உங்க அண்ணி. அவுங்க வீட்டுலயே இப்டி ஆயிடுச்சே" என்று சொல்லி, மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அஞ்சம்மாள் மூன்று மாதம் தினமும் கையால் எடுத்துப் போட்ட மாத்திரைகள். வெள்ளையில் நீள்வட்டம், நடுவில் கோடு. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தாள். உத்திரத்துக்குப் பிந்தைய நாட்களின் அறைகள் இன்னும் நிரம்பியே இருந்தன, எதிலும் கோடு போட்ட மாத்திரை இல்லை. அதைக் கழுவி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணி, இது அண்ணன் மாத்திரதானே?"

"ஆமா."

"அப்ப எங்கண்ணன் எதத் தின்னாரு?"

"கால்சியம்."

அவள் கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. மூட்டையோடு நின்ற விருத்தாசலத்தை உட்காரச் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பாவம், விருத்தாசலம் இனி அந்த மாத்திரையைப் போட மறுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திடீரென்று நிறுத்தக்கூடாது.

நீங்களும் ஒரு நாள் வந்து எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும், ஐயா. இந்த மாடி அறைக்கு ஏறி வந்து நெடுநேரம் உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஷூவைக் கழற்றி அரை மணி நேரமாகியும் கணுக்காலில் சாக்ஸ் அழுத்திய தடம் மறையவில்லை. உப்பைக் குறையுங்கள். வீட்டில் அம்மா ஊறுகாய் வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆம், என் கணவர் தென்னரசுவின் மாத்திரைகளை நிறுத்தி, உப்பைக் கொடுத்து, அவர் இதயத்தை இரண்டே கால் வருடம் இறக்கி வைத்திருந்தது நான்தான். அவர் குணமாவது தெரிந்து, மறுபடியும் இறக்கியதும் நான்தான். நெற்றி வியர்க்க அவர் படியேறும்போது பக்கத்தில் நடந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் நான்தான். அவர் செத்தது அதனால்தான். இதை யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. கொலை என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் விழுப்புரத்தில் கடைசியாக எடுத்த தாளைக் காட்டினீர்களே, பதினெட்டு என்று போட்டிருந்ததே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவசரத்தில் எடுத்திருப்பார்கள். என்னைக் கூப்பிட்டிருந்தால், பொறுமையாக எடுத்திருப்பேன். முப்பத்தைந்து வரும்வரை எடுத்திருப்பேன்.